புல்லுக்கு வைத்த பெயர்

எங்கள் மதினிக்குப் புருஷன் பெயர் வாயில் வராது. அந்தப் பெயர் அழகுபாண்டி. எனக்கு நேர் மூத்த அண்ணன் என்பதால் நான் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சொல்வேன். திட்டும்போது இன்னும் நாலு தரம் சேர்த்துச் சொல்வேன். மதினி கல்யாணமாகிப் பேரையூரில் எங்கள் வீட்டுக்குள் கால் வைத்த நாளிலிருந்து ஒரு தரம்கூடச் சொன்னதில்லை. புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும் என்று அவளுடைய அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். எங்கள் பக்கத்தில் எல்லா அம்மாக்களும் சொல்லி அனுப்புவதுதான். என் அம்மாவும் எனக்குச் சொன்னாள். நான் இரண்டாம் மாதமே சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் இன்றைக்கும் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார்.

மதினி அப்படி இல்லை. அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் பாண்டிச்செல்வி. புருஷன் பெயரில் பாதி அதற்குள் இருக்கிறதே என்று, வந்த வாரமே அதை வெட்டிவிட்டு வெறும் செல்வியாகிவிட்டாள். அழகு என்ற சொல்லையும் விட்டாள். நல்ல சேலையைப் பார்த்தால் லட்சணமாக இருக்கிறது என்பாள். சித்திரையில் வைகையில் இறங்கும் அழகர் அவளுக்கு 'ஆத்துல எறங்குற சாமி'. அழகர்கோவில் என்றால் 'மலைக்கோயில்'. நாங்கள் விடுவோமா? “மதினி, தல்லாகுளத்துக்கு எதிர்சேவைக்கு வாராரே, அது யாரு மதினி?” என்று சுற்றி நின்று கேட்போம். “சாமி” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். அண்ணன் வாசலில் உட்கார்ந்து இதைக் கேட்டுச் சிரித்துக்கொள்வான். அவன் சிரிப்பதற்குக்கூடச் சத்தம் வராது.

அந்த அண்ணன்தான் ஒரு நாள் காலையில், கிணற்று மோட்டாருக்கு வால்வு வாங்கி வருகிறேன் என்று மதுரைக்குப் பைக்கில் போனவன், திரும்பி வரவில்லை. பைக் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் வண்டி நிறுத்துமிடத்தில் நின்றது. பூட்டியிருந்தது. ஆளைக் காணோம். கடன் இல்லை, சண்டை இல்லை, நோய் நொடி இல்லை, வேறு தொடுப்பும் இல்லை. எல்லாவற்றையும் நாங்களே தோண்டித் துருவிப் பார்த்துவிட்டோம். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக்கொண்டிருந்தவர், “புருஷன் பேரு என்னம்மா?” என்று கேட்டதும் மதினி என் முகத்தைப் பார்த்தாள். நான் சொன்னேன். அவர் என்னையே பெண்டாட்டி என்று எழுதிவிட்டு, அப்புறம் அடித்துத் திருத்தினார்.

அப்போது மகன் சூரியபிரகாஷ் மூன்றாம் வகுப்பு. மகள் திவ்யா பால்வாடி. மதினி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கு வந்து, கோச்சடையில் நான் வாழ்க்கைப்பட்டிருந்த தெருவிலேயே வீடு பிடித்து, ரவிக்கை தைத்துப் பிள்ளைகளை வளர்த்தாள். ஏன் மதுரை என்று பெரியண்ணன் கேட்டதற்கு, “இங்கதான வந்தாரு” என்றாள்.

தாலி கழுத்தில் கிடந்தது. குங்குமம் நெற்றியில் இருந்தது. ஆனால் கல்யாண வீடுகளில் வெற்றிலைத் தட்டோடு வரும் பெண்கள் அவளிடம் வந்ததும் ஒரு கணம் தயங்குவார்கள். கொடுப்பதா, தாண்டிப் போவதா? அந்தச் சங்கடம் அவர்களுக்கு வேண்டாம் என்று அவளே சாப்பாட்டுப் பந்தியைப் பார்க்கப் போவதுபோல எழுந்துவிடுவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அண்ணன் மேல் பற்றிக்கொண்டு வரும். செத்திருந்தால் செத்தேன் என்றாவது தெரிய வேண்டாமா? இருந்தால் ஒரு போன் பண்ணினால் என்ன? கூடப் பிறந்தவன் என்றாலும் இப்படியா ஒருத்தியை அந்தரத்தில் தொங்கவிட்டுப் போவது?

அவன் போய் நாலைந்து சித்திரை கழிந்திருக்கும். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போயிருந்தோம். வைகைக்குள் தலைகளைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. நான் பிள்ளைகள் இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு ஆழ்வார்புரம் பக்கம் கரையில் ஒதுங்கி நின்றேன். மதினி கொஞ்சம் முன்னால் நின்றவள், திடீரென்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினாள். அவள் பின்னால் போகப் பிள்ளைகளை விட்டுவிட முடியுமா? நான் நின்ற இடத்திலேயே நின்றேன். “ஏங்க, ஏங்க, இந்தாங்க” என்று அவள் கத்தியது மட்டும் கேட்டது. திரும்பி வந்தபோது ஒரு காலில் செருப்பு இல்லை.

முன்னால் போன ஒரு ஆளின் முதுகு அண்ணன் முதுகு மாதிரியே இருந்ததாம். இடது தோளைக் கொஞ்சம் தூக்கி நடக்கிற அதே நடை. ஏங்க என்று கூப்பிட்டதும் கூட்டத்தில் பாதி ஆம்பளைகள் திரும்பினார்கள். மதுரையில் எந்தப் புருஷனுக்குத்தான் ஏங்க என்று பெயர் இல்லை? அந்த ஆள் மட்டும் திரும்பவில்லை. கூட்டத்தோடு போய்விட்டான்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. “தொண்டை கிழியப் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டியதுதானே மதினி? மதுரையே கேக்குற மாதிரி கத்த வேண்டியதுதானே? அது அவனா இருந்திருந்தா?” என்றேன்.

“சொன்னா ஆயுசு கொறையும் சோலை” என்றாள். “எங்கிட்டாச்சும் உசுரோட இருக்கட்டும்.”

அந்தப் பதிலைக் கேட்டு நான் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. பேசாவிட்டால் என்ன, தினம் காலையில் பிள்ளைகளுக்கு இட்லி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் ஒன்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. நாங்கள் எல்லாரும் அண்ணனைத் தேடிக்கொண்டிருந்தோம். அவள் அவனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அந்தப் பெயரைச் சொல்லாமல் இருக்கும்வரை அவன் எங்கேயோ சோறு தின்றுகொண்டு, தூங்கி எழுந்துகொண்டு இருக்கிறான். அவள் கையில் இருந்தது அந்த ஒன்றுதான்.

இந்த வருஷம் திவ்யாவுக்கு நல்ல இடம் வந்தது. மாப்பிள்ளை வீடு கே.கே. நகர். பெண் பார்த்து, பூ வைத்து, ஆவணியில் முகூர்த்தம் என்று ஆன பிறகு, பத்திரிகை அடிக்கும் பேச்சு வந்தது. மாப்பிள்ளையின் அம்மா நல்ல மனுஷி; கோணல் பேச்சு கிடையாது. “எதுவானாலும் எங்களுக்குச் சம்மதம். ஆனா பொண்ணோட அப்பா பேரை எப்படிப் போடுறதுன்னு நீங்க முடிவு பண்ணிச் சொல்லுங்க” என்றார். இருக்கிறவர் என்று போட்டால், எங்கே அவர் என்று நாலு பேர் கேட்பார்கள். இல்லாதவர் என்று போட்டால், காரியம் செய்யாத சாவை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு எப்படிக் கல்யாணம் வைப்பது? அது ஆகாது என்பார்கள் எங்கள் பக்கத்தில்.

பெரியண்ணன் விருமாண்டி பேரையூரிலிருந்து வந்து, மதினியின் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். வாயில் வந்ததைப் பேசுகிற மனுஷன். அன்றைக்குச் சொல்லைத் தேடித் தேடிப் பேசினார்.

“எம்புட்டு நாளைக்கு இப்புடியே வச்சுக்கிட்டு இருக்கிறது? ஆள் கெடைக்கலைன்னா செய்யறதுக்கும் ஒரு முறை இருக்காம். திருவேடகத்துல ஒரு ஐயரைப் பாத்துக் கேட்டுட்டு வாரேன். தர்ப்பைப் புல்லுல உருவம் செஞ்சு, அதுக்குக் காரியம் பண்ணி, ஆத்துல விட்டுரணும். ஆடி அமாவாசைக்கே செஞ்சுரலாம்ங்கிறாரு. புள்ள கல்யாணம் நல்லபடியா நடக்கணுமா வேண்டாமா?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஒன் தாலிய எவனும் கழட்டச் சொல்ல மாட்டான். அத நான் பாத்துக்குறேன்” என்றார்.

திருவேடகம் சோழவந்தான் பக்கம். கோச்சடையிலிருந்து அதிக தூரமில்லை. வைகை அங்கே தெற்கிலிருந்து வடக்காகத் திரும்பி ஓடுவதால் காசிக்குச் சமம் என்பார்கள். ஒரு காலத்தில் ஆற்றில் விட்ட ஏடு தண்ணீரை எதிர்த்து வந்து கரை சேர்ந்த இடம்.

மதினி மிஷினில் இருந்த துணியை மடித்து வைத்தாள். முடியாது என்று அவள் சொல்லிவிட்டால் பெரியண்ணனோடு சண்டை போட நான் தயாராக இருந்தேன். சரி என்று சொன்னால் யாரோடு சண்டை போடுவது என்றுதான் தெரியவில்லை.

“செய்யுங்க” என்றாள். “அவுக பேரை மட்டும் எங்கிட்டக் கேக்கக் கூடாது.”

“ஒன்னைய யாரு கேக்கப் போறா தாயி?” என்றார் பெரியண்ணன். எழுந்து வெளியே போய், தெருவில் நின்று மூக்கைச் சிந்தினார்.

அமாவாசையன்று விடிந்ததும் கிளம்பினோம். பெரியண்ணன், மதினி, சூரியபிரகாஷ், நான். கல்யாணப் பெண் வர வேண்டாம் என்று திவ்யாவை என் வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். அவள் வாசலில் நின்று அழுதாள். மேலக்கால் வழியாகப் போய்ப் பாலம் தாண்டுவதற்குள்ளேயே வண்டிகள் வரிசை கட்டிவிட்டன. இறங்கி நடந்தோம். வழி நெடுக அகத்திக்கீரைக் கட்டுகள், எள் பொட்டலங்கள், வாழைக்காய். அணையில் திறந்துவிட்டிருந்த தண்ணீர் ஆற்றில் முழங்காலுக்கு ஓடியது. ஒரு பக்கம் ஆகாயத்தாமரை, இன்னொரு பக்கம் முழுகியவர்கள் கழற்றிவிட்ட பழைய துணிகள். எங்கள் வைகை எப்போதும் இப்படித்தான். இருந்தாலும் படித்துறையில் வரிசையாக உட்கார்ந்து, வாழையிலையில் பிண்டம் வைத்து, எள்ளும் தண்ணீரும் விடுகிற அத்தனை ஆண்களின் முதுகையும் பார்த்துக்கொண்டேதான் நடந்தேன். மேல்சட்டை இல்லாமல் உட்கார்ந்தால் எல்லாருமே யாரோ ஒருவரின் பிள்ளைதான்.

கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கியில் காவல்துறையின் அறிவிப்பு போய்க்கொண்டே இருந்தது. நகைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆழத்தில் இறங்க வேண்டாம் என்றார்கள். பிறகு, “விக்கிரமங்கலம் பேச்சிமுத்து எங்கிருந்தாலும் மேடை அருகே வரவும். உங்கள் மனைவி தாமரைச்செல்வி காத்திருக்கிறார்” என்றார்கள். மதினி நடந்துகொண்டிருந்தவள் நின்று, அந்த ஒலிபெருக்கியை நிமிர்ந்து பார்த்தாள். பேச்சிமுத்து வந்தாரா இல்லையா என்று எங்களுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்த அறிவிப்பு நின்றுவிட்டது.

ஐயர் எங்களைக் கூட்டத்தை விட்டு ஒரு வேப்ப மரத்தடிக்குக் கூட்டிப் போனார். நடுத்தர வயது. இடுப்பில் செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்து அணைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார். அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. தர்ப்பைப் புல்லைப் பிரித்து, ஒரு கற்றை தலைக்கு, இரண்டு கைக்கு, இரண்டு காலுக்கு என்று நூலால் கட்டினார். வரட்டியை அடுக்கி அதன்மேல் அந்த உருவத்தைக் கிடத்தினார். ஒரு முழ நீளம் இருக்கும். சூரியபிரகாஷை எதிரில் உட்கார வைத்தார்.

“இப்ப இது வெறும் புல்லு தம்பி” என்றார். “அப்பா பேரைச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் இது அவரு. மூணு தரம் கூப்பிடணும். பிள்ளை வாயால வரணும். அதுக்கு அப்புறம்தான் நெருப்பு. எங்க, சொல்லுங்க.”

சூரியபிரகாஷ் வாயைத் திறந்தான். பேங்கில் வேலை பார்க்கிறவன். நாள் முழுக்க ஆட்களிடம் பேசுகிற வாய். அதில் சத்தம் வரவில்லை. ஐயர் மறுபடி சொன்னார். அவன் புல்லையே பார்த்தான். சின்ன வயதில் அண்ணன் அவனைப் பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார வைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போவான். அந்தப் பைக்கைச் சூரியபிரகாஷ் இன்னும் விற்கவில்லை. வீட்டு ஓரத்தில் துணி போட்டு மூடி வைத்திருக்கிறான்.

“பெரியப்பா” என்றான். “என்னால முடியல. எங்கிட்டோ இருக்கிற மனுஷன, நான் சொல்லி, அவரு செத்துட்டா?”

“டேய், படிச்சவன் பேசுற பேச்சாடா இது?” என்றார் பெரியண்ணன்.

“அப்பா உசுரோட இருக்கிற பிள்ளை இதெல்லாம் செய்யக்கூடாது பெரியப்பா. எனக்கு நிச்சயமாத் தெரியலையே” என்றான் அவன்.

ஐயர் அவசரப்படவில்லை. “பெரியவரே, நீங்க எடுத்துக் குடுங்க. பிள்ளை பின்னாடியே சொல்லட்டும்” என்றார். பெரியண்ணன் மீசையைத் தடவினார். தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு பேரையூர் தேரோட்டம் பார்த்தவர். ஆற்றின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். தோள் மட்டும் குலுங்கியது.

“நீங்க கூடப் பிறந்தவங்கதானம்மா? நீங்களாவது சொல்லுங்க” என்று ஐயர் என்னிடம் திரும்பினார்.

நானா? ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சொல்கிறவள். அந்தப் பெயரை வைத்து அவனை எத்தனை வசவு வைதிருப்பேன். ஸ்டேஷனிலும், கலெக்டர் ஆபீஸிலும், அரசு ஆஸ்பத்திரி பிணவறை வாசலிலும் எத்தனை தரம் சொல்லியிருப்பேன். இந்தப் புல்லைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு நாக்கு புரளவில்லை. எப்போது பார்த்தாலும் செத்துத் தொலைந்தானோ என்று திட்டிக்கொண்டிருந்த எனக்கு, அவன் ஒருநாள் சிரித்துக்கொண்டே வாசலில் வந்து நிற்பான் என்ற நினைப்பு இத்தனை வருஷமும் அடியில் இருந்திருக்கிறது. அந்த நேரம் வரை எனக்கே தெரியாது. வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டேன்.

மதினி எங்களுக்குப் பின்னால் மரத்தோரம் நின்றிருந்தாள். முன்னால் வந்தாள். புல்லை அவள் பார்க்கவில்லை.

“கொஞ்சம் பொறுங்க சாமி” என்றாள். “ஒரு தடவ கூப்புட்டுப் பாத்துர்றேன்.”

யாருக்கும் விளங்கவில்லை. அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கினாள். தண்ணீர் முழங்கால் வரை வரும் இடத்தில் நின்று, படித்துறையில் இருந்த கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு அக்கரையைப் பார்த்தாள். இரண்டு கையையும் வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். காட்டில் நிற்கிற ஆளைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போது எங்கள் ஊர்ப் பெண்கள் அப்படித்தான் வைத்துக்கொள்வார்கள்.

“அழகுபாண்டி” என்றாள்.

முதல் தரம் எங்களுக்கு மட்டும்தான் கேட்டது. அந்த எழுத்துகள் அவள் வாய்க்குப் பழகவில்லை. ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சூரியபிரகாஷ் எழுந்து நின்றுவிட்டான். அம்மா அப்பாவின் பெயரைச் சொல்லி அவன் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை.

“அழகுபாண்டி” என்று மறுபடி கூப்பிட்டாள். இப்போது பக்கத்தில் முழுகிக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள்.

மூன்றாவது தரம் அவள் அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள். அந்த மெல்லிய உடம்புக்குள் அப்படி ஒரு குரல் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அன்றைக்கு ஆழ்வார்புரத்துக் கூட்டத்தில் கூப்பிட வேண்டிய கூப்பாடு அது. அந்தப் பெயர் ஆற்றின்மேல் அக்கரை வரை போனது. மந்திரம் சொல்லிக்கொண்டிருந்த ஐயர்மார் சிலர் நிறுத்திவிட்டார்கள்.

மதுரைச் சீமையில் தெருவுக்கு ஒரு அழகுபாண்டி இருப்பான். ஆட்கள் திரும்பினார்கள். தலையில் துண்டு கட்டிய இளவட்டம் ஒருவன் தண்ணீருக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்தான். தோளில் பிள்ளையை வைத்திருந்த ஒருவன் யாரு என்று கையால் கேட்டான். படித்துறையில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், எள் ஒட்டிய கையோடு தள்ளாடி எழுந்து, “ஏம்மா, என்னையவா கூப்புட்ட?” என்றார்.

மதினி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவசரமில்லாமல் பார்த்தாள். நானும் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். ஏடே எதிர்த்து வந்த ஆறு இது, ஒரு மனுஷன் வரக்கூடாதா என்று அக்கரையையும் பார்த்தேன். அக்கரையில் இரண்டு எருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன.

“நீங்க இல்லைங்கய்யா” என்று மதினி அந்தப் பெரியவரைப் பார்த்துக் கைகூப்பினாள். “நீங்க நல்லா இருங்க.”

பிறகும் கொஞ்ச நேரம் தண்ணீரிலேயே நின்றாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. ஐயரும் கூப்பிடவில்லை. அவளாகத்தான் கரையேறி வந்து, மகனின் தலையில் ஈரக் கையை வைத்தாள்.

“வரல தம்பி” என்றாள். “இருந்திருந்தா இந்தச் சத்தத்துக்கு வந்திருப்பாரு. நீ சொல்லு.”

சூரியபிரகாஷ் உட்கார்ந்தான். மூன்று தரம் சொன்னான். குரல் உடைந்தது, ஆனாலும் ஒவ்வொரு தரமும் முழுப் பெயரையும் சொன்னான். பெரியண்ணன் தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தார். தர்ப்பை உலர்ந்த புல், சட்டென்று பிடித்துக்கொண்டது. கையும் காலும் முதலில் எரிந்தன. நான் அண்ணே, அண்ணே என்று அழுதேன். அத்தனை வருஷத்துக் கோபமும் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. வெறும் அழுகை மட்டும்தான் இருந்தது. மதினி அழவில்லை. புல் முழுவதும் எரிந்து முடியும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். கழுத்துத் தாலியை ஒரு கை பிடித்திருந்தது. நெருப்பு அடங்கியதும் அந்தக் கையைக் கீழே விட்டாள்.

சாம்பலைப் பால் தெளித்து ஆற்றி, மகன் இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு போய் ஆற்றில் விட்டான். தண்ணீர் வடக்குப் பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. எல்லாரும் முழுகினோம். பெரியண்ணன் அகத்திக்கீரைக் கட்டை எடுத்துக்கொண்டு மாட்டுக்குக் கொடுக்கப் போனார். சூரியபிரகாஷ் கூடப் போனான்.

படித்துறையின் கடைசிப் படியில் நானும் மதினியும் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தோம். நெற்றிக் குங்குமம் முழுகியதில் கரைந்து போயிருந்தது. இனி எழுந்ததும் வைத்துக்கொள்வாளா மாட்டாளா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. அவளே பேசினாள்.

“சோலை, அன்னைக்குச் சாமி எறங்குனப்ப, இந்த மாதிரி பேரைச் சொல்லிக் கூப்புட்டிருந்தா, அவுக திரும்பியிருப்பாகளா?”

எத்தனையோ தரம் அந்தக் கேள்வியை நானேதான் அவள் முகத்துக்கு நேரே எறிந்திருக்கிறேன். அவள் பதில் சொல்லாமல் தைத்துக்கொண்டிருப்பாள். இப்போது கேட்டுவிட்டு என் வாயைப் பார்த்தாள். ஒருவன் இத்தனை வருஷம் உயிரோடு இருந்ததும், இன்றைக்கு இல்லாமல் போனதும் அவளுடைய வாயால்தான் என்றால், அந்தப் பாரத்தோடு அவள் எப்படிப் போய் மகள் கல்யாணத்தில் நிற்பாள்?

“அது அவன் இல்ல மதினி” என்றேன். “நான் நல்லாப் பாத்தேன். திரும்புனப்ப மூஞ்சியப் பாத்தேன். வேற யாரோ ஆளு.”

மதினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கு அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு நான் எங்கே நின்றேன் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

“சரி” என்றாள். முந்தானையைப் பிழிந்து என் தலையைத் துவட்டிவிட்டாள்.